கொங்கு மண்ணில் ரோமாபுரி வெள்ளி

மலேசியாவின் செராஸில் குடியிருக்கும் எங்களுக்கு, பூமிக்கடியில் கிடக்கும் உலோகம் ஓர் ஊரை எப்படி உண்டாக்கும் என்பதைப் புத்தகத்தைப் புரட்டி அறிய வேண்டிய அவசியம் இல்லை. அடுத்திருக்கும் சுங்கை பீசியில் மண்ணைக் கழுவி ஈயம் எடுத்த பழைய லம்பம் இன்று ஏரியாக நிறைந்து கிடக்கிறது. கோலாலம்பூர் என்னும் மாநகரமே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் துறையில் அந்த ஈயத்தை நாடி வந்திறங்கிய மனிதர்களால் எழுந்தது. மலேசிய மத்திய வங்கியின் நாணயக் காட்சிசாலையில் பழைய மலாய் ஈயக் காசுகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றைவிடப் பல நூற்றாண்டு மூத்த வேறொரு காசு, கடல் கடந்து வந்து, என் பாட்டனார் பிறந்த கொங்கு மண்ணில் குடம் குடமாகப் புதைந்து கிடந்தது என்ற செய்தி என் மனத்தில் எழும். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் அடித்து வெளியிட்ட வெள்ளிக் காசு அது. தெனாரியஸ் என்பது அதன் பெயர். பாட்டனார் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர். அவர் விட்டு வந்த மண்ணில் அந்தக் காசு கிடந்த இடங்களை எல்லாம் ஒரு வரிசையாகச் சென்று பார்த்து வர வேண்டும் என்று நெடுநாளாக இருந்த ஆசை, இவ்வாண்டு பிரயாணமாகவே உருக்கொண்டது.

இந்த ஆசைக்கு வித்திட்டது பிளினி என்ற ரோமானிய அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு சம்பவம். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் சென்றுகொண்டிருக்கையில் வடகாற்றினால் திசைமாறி அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் தீவின் ஒரு துறையில் கரை ஒதுங்கினாராம். அந்நாட்டு அரசன் அவரை ஆறு மாதம் வைத்து உபசரித்து, அவருடைய தேசத்தைப் பற்றி விசாரித்து, கைப்பற்றப்பட்ட பணத்தில் இருந்த தெனாரியஸ்களை எடுத்துப் பார்த்தபோது, வெவ்வேறு சக்கரவர்த்திகளின் தலைகளைத் தாங்கிய காசுகளாயிருந்தும் அவையனைத்தும் ஒரே எடையுள்ளவையாய் இருக்கக் கண்டு, இந்த ஜனங்கள் நேர்மையுள்ளவர்கள் என்று மெச்சி, ரோமாபுரிக்கு நான்கு தூதர்களை அனுப்பினான் என்கிறார் பிளினி. ரோமானியப் பெருமையைப் பேசுவதற்காகவே அவர் இதை எழுதினார் என்பது வெளிப்படை. ஆயினும் நான் இதைப் படித்தபோது என் கண் அந்த அரசனின் கையையே நாடிற்று. காசிலிருந்த முகம் யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் அதைத் தராசில் வைத்தானே, அந்தக் கையையே நான் தமிழ்நாட்டில் தேடிக்கொண்டு போனேன் என்று சொல்லலாம்.

முதலில் சென்னை. 1851-ஆம் ஆண்டில் தோன்றி, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகம், தென்னாட்டில் கிடைத்த ரோமானிய நாணயங்களைச் சேர்த்து வைப்பதில் ஆதிநாள் முதல் சிரத்தை காட்டி வந்திருக்கிறது. அதன் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1888-லேயே அவற்றுக்கு ஓர் அட்டவணை அச்சிட்டார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த வெள்ளிக் காசு நம் பத்து சென் காசின் அளவுதான். ஆனால் அது கனத்த வெள்ளி. ஓரம் சற்று ஒழுங்கற்றது. நடுவிலே எழும்பி நிற்கும் தலையோ, இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பின்னும், மூக்கின் வளைவும் கழுத்து நரம்பும் தெரியும்படி அத்தனை உயிர்ப்போடு இருந்தது.

தமிழ்நாட்டில் பெருவாரியாகக் கிடைத்த தெனாரியஸ்கள் இரண்டே வகை. ஒன்று அகஸ்டஸ் சக்கரவர்த்தியுடையது. முன்புறத்தில் வாகைமாலை சூடிய அவர் தலை. சுற்றிலும் அவரைத் தெய்வமானவரின் மகன் என்றும் தாய்நாட்டின் தந்தை என்றும் கூறும் எழுத்துகள். பின்புறத்தில் இரண்டு வாலிபர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கிடையே கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூஜைக்குரிய அகப்பையும் குறிசொல்வோரின் வளைகோலும். இவர்கள் அகஸ்டஸின் பேரர்களான காயஸ், லூசியஸ் என்போர். தமக்குப் பின் அரசாள வேண்டும் என்று அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள். லூசியஸ் கி.பி. 2-லும் காயஸ் கி.பி. 4-லும் இளவயதிலேயே மாண்டு போயினர். அவர்களுடைய பாட்டனார் ரோமாபுரியில் துக்கத்தால் என்ன பாடுபட்டிருப்பார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இன்று பிரான்சு தேசத்து லியோன் நகரமாக விளங்கும் லுக்துனும் நாணயச்சாலையில் ஆயிரமாயிரமாக அடிக்கப்பட்ட அவர்களுடைய உருவங்களோ, பட்டத்துக்கு வராத அந்த இளவரசர்களைத் தூக்கிக்கொண்டு நொய்யலாற்றங்கரை வரை நடந்துவிட்டன.

மற்றொன்று அகஸ்டஸுக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸுடையது. பின்புறத்தில் செங்கோல் ஏந்தி ஆசனத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பெண். சக்கரவர்த்தியின் தாயான லிவியாவையே அவ்வடிவில் காட்டியிருக்கிறார்கள் என்பது பலருடைய அபிப்பிராயம். வரி கொடுப்பது நியாயமா என்று கேட்டவர்களிடம் ஏசுநாதர் வாங்கிப் பார்த்த காசு இதுவே என்று கிறிஸ்தவ உலகில் ஒரு பரம்பரை நம்பிக்கை உண்டு. எனக்கு இதைப் பார்த்தவுடன் நினைவுக்கு வந்தது வேறொன்று. கி.பி. 22-இல் இதே திபேரியஸ் செனட் சபைக்கு எழுதிய கடிதத்தில், பெண்கள் விரும்பும் இரத்தினக் கற்களுக்காக ரோமானியரின் பணம் அந்நிய ஜாதியாரிடம் போய்ச் சேருகிறதே என்று வருந்தியதாக டாசிட்டஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். பின்னால் வந்த பிளினியும் இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிக்கொள்ளுகிறது என்று கணக்குக் காட்டினார்; நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கும் விஷயம். ஆனால் கடிதம் எழுதிய சக்கரவர்த்தியின் முகமே இங்கே, கல் விற்றவர்களுடைய நாட்டில், மற்றெல்லா முகங்களையும் விட அதிகமாகக் கிடைத்திருக்கிறது என்பது கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

ஏன் இந்த இருவர் மட்டும்? ரோம சாம்ராஜ்யம் திபேரியஸோடு முடிந்துவிடவில்லை. அதற்குப் பின்னும் அங்கே வெள்ளி நாணயம் அடிக்கப்பட்டு வந்தது. நம் மிளகும் துணியும் மணியும் அங்கே போய்க்கொண்டும் இருந்தன. நம் கிள்ளான் நகைக்கடைகளில் நல்ல தங்கத்தை 916 என்று குறிப்பிடுகிறோம், ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். அந்தக் கணக்கில் பார்த்தால் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி ஏறக்குறைய 980. ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசுகள் என்பது அக்காலத்து அளவு. கி.பி. 64-இல் நீரோ அதே ராத்தலில் 96 காசு அடிக்கச் செய்தான், காசு இளைத்தது, அதோடு நில்லாமல் செம்பையும் கலந்தான். அண்மைக் காலத்து இரசாயனச் சோதனைகளின்படி அவனுடைய புதுக்காசின் வெள்ளி சுமார் 800-க்கு இறங்கிவிட்டது. பின்வந்தவர்கள் சிலர் சற்று ஏற்றினார்கள். சிலர் இன்னும் இறக்கினார்கள். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் காலியேனஸ் ஆண்டபோது வெள்ளிக்காசு என்ற பெயரில் வெளிவந்தது வெள்ளிப்பூச்சுப் பூசிய செம்பு.

நீரோவின் இந்தக் காரியத்துக்குப் பின்னால் அடிக்கப்பட்ட தெனாரியஸ்கள் தென்னிந்தியப் புதையல்களில் மிக அரிது. பொன் நாணயம் அதற்குப் பின்னும் வந்திருக்கிறது; புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1898-ஆம் ஆண்டு கிடைத்த 501 பொற்காசுகளில் வெஸ்பாசியன் காலத்தவையும் உள்ளன. வெள்ளி மட்டும் நின்றது. நல்ல பழைய காசுகளை வியாபாரிகளே பொறுக்கி ஏற்றுமதிக்கு வைத்துக்கொண்டு, அவற்றை நீரோவின் காலத்துக்குப் பின்னும் அனுப்பி வந்திருக்கலாம் என்று சில அறிஞர் கருதுவார்கள். எப்படியாயினும் சாரம் ஒன்றே. இளைத்த வெள்ளியை இங்கே யாரும் வாங்கச் சம்மதிக்கவில்லை. ரோமாபுரிச் சட்டம் தன் குடிகளை அந்தக் காசைப் பெற்றுக்கொள்ளச் செய்யலாம். கருவூர்ச் செட்டியை அது என்ன செய்ய முடியும்?

அந்தக் கருவூருக்கு இரவு ரயிலில் போய் இறங்கினேன். இன்றைய கரூர் நெசவுத் துணிக்கும் பஸ் கூண்டு கட்டுவதற்கும் பேர்போன ஊர். விடியற்காலையிலேயே பசுபதீஸ்வரர் கோயில் வீதி சுறுசுறுப்பாயிருக்கிறது. சேரருடைய தலைநகரான வஞ்சி இதுவா, மேற்குக் கடற்கரையில் இருந்ததா என்று தமிழறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து வாதித்த காலம் ஒன்று உண்டு. அமராவதி ஆற்று மணல் அந்த வாதத்தில் கருவூர் கட்சிக்குக் கொடுத்த ஆதாரங்கள் சாமானியமானவையல்ல. பொற்கொல்லர் தெருக் கழிவுகளிலிருந்து ஆற்றோடு போன பொன்துகளைத் தேடி மணலைச் சலித்துப் பிழைப்பவர்களின் சல்லடையில், சேரர் காசும் ரோமானியர் காசும் மாறி மாறி அகப்பட்டன. நாணய ஆராய்ச்சிக்கென்றே தம் ஓய்வையெல்லாம் அளித்த பத்திரிகையாசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடிச் சேகரித்து, படித்து, வெளியிட்டிராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று நமக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

1878-ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பக்கத்தில் சுமார் 500 தெனாரியஸ்கள் கொண்ட ஒரு புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடைய காசுகளே அதிலும். பெரும் பகுதி உருக்கப்பட்டுவிட்டது. பூமியில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியப் புதையல் சட்டம் பிறந்ததும் அதே 1878-இல்தான். கடைவீதியில் வெள்ளிக் கொலுசு விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இந்த விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

“உருக்காம என்னங்க பண்ணுவாங்க? கெடச்சதுன்னு வெளிய சொன்னாச் சர்க்கார் வந்துருமுன்னு பயம். காசாக் கையில வெச்சிருந்தாத்தானுங்க தப்பு, கட்டியா வெச்சிருந்தா யாரு கேக்கறாங்க? எங்க அப்பாரு சொல்லுவாருங்க, பழைய வெள்ளி கெடச்சா மொதல்ல உரசிப் பாரு, அப்பறம் நிறுத்துப் பாரு, அதுக்கு அப்பறந்தேன் யாருதுன்னு கேளுன்னு.”

“உரசிப் பார்த்தால் எப்படியிருந்ததாம் ஐயா?”

“நல்ல வெள்ளிங்க. இப்பத்த வெள்ளியெல்லாம் அதுக்குக் கிட்டக்கூட வராதுன்னு சொல்லுவாரு.”

அவர் தந்தையார் உரைகல்லில் தேய்த்தது எந்த அரசனுடைய காசோ! உருகிப்போன காசுகளுக்காக நான் கொண்ட வருத்தத்தை அவரிடம் கொட்டிப் பிரயோஜனமில்லை. பசியுள்ளவன் கையில் கிடைத்த வெள்ளி அது. எனினும் ஒரு குடத்துக் காசுகள் கிடைத்தபடியே ஒன்றாக இருந்தால் மட்டுமே, எந்த ஆண்டுவாக்கில் அது புதைக்கப்பட்டது, எத்தனை நாள் கைமாறித் தேய்ந்திருந்தது, எந்த நாணயத்தோடு எது சேர்ந்து வழங்கியது என்பதையெல்லாம் அது சொல்லும். பத்துக் காசு அருங்காட்சியகத்துக்கும் மீதி உலைக்கும் போய்விட்டால் வாக்கியத்தின் முதலும் முடிவும் போய் நடுவிலே இரண்டு சொற்கள் மிஞ்சின கதையாகிவிடுகிறது. இந்த நஷ்டத்தைத் தமிழர்களாகிய நாம் இன்னும் போதுமான அளவு உணரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. வலப்புறம் நோக்கிய ஓர் ஆண் தலை. அதன் மேல் வளைவில், ரோமானியக் காசில் சக்கரவர்த்தியின் பெயர் ஓடும் அதே பாணியில், ‘மாக்கோதை’ என்று தமிழ் பிராமி எழுத்து. தெனாரியஸ்களைக் கையில் வைத்துப் பார்த்த ஒரு சேரன், தன் தலையையும் தன் பெயரையும் அவ்விதமே வெள்ளியில் பொறிக்கச் செய்திருக்கிறான். ‘குட்டுவன் கோதை’ என்று பெயர் பொறித்த மற்றொரு காசும் உண்டு. கடலுக்கப்பால் உள்ள கலையின் சாயல் இதிலே இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் சேரன் பிறருடைய எழுத்தை எடுத்துக்கொள்ளவில்லை, பிறருடைய பட்டங்களைச் சூட்டிக்கொள்ளவில்லை. தன் பெயரைத் தன் மொழியில் எழுதினான். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையிலே தமிழ் எழுத்தைக் காணும்போது உள்ளம் பூரிக்கும் எனக்கு, அந்தச் சின்னஞ்சிறு வெள்ளித் தகட்டின் புகைப்படத்தைப் பார்த்தபோது உண்டான உணர்ச்சியை விவரிப்பது அவசியமில்லை.

கரூரிலிருந்து வடமேற்கே வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. உச்சியில் முருகன் கோயில். பாறைச் சரிவின் குகைத்தளங்களில் சமண முனிவர்களுக்குச் சேரர் குடும்பத்தார் வெட்டுவித்த கற்படுக்கைகள். மூன்று தலைமுறைச் சேர மன்னர்களை வரிசையாகச் சொல்லும் கல்வெட்டு இங்கே இருப்பதால் சரித்திர மாணவர்கள் அனைவருக்கும் புகலூர் என்ற பெயர் பரிச்சயமானது. நான் மலையேறியது அரசர்களுக்காக அன்று. அதே குகைத்தளத்தில், ஒரு கற்படுக்கையைத் தானமாகச் செய்தவன் கருவூர்ப் பொன் வாணிகன் என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். பாறையின் மேடுபள்ளங்களில் எழுத்துகள் உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை; வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. பொன்னையும் வெள்ளியையும் உரைத்து, நிறுத்து, விலை பேசிப் பிழைத்த மனிதன், தன் தொழிலைப் பெயரோடு சேர்த்துக் கல்லிலே எழுதச் சொல்லியிருக்கிறான். இலங்கை அரசனின் கையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதே ஜாதிக் கை இது. நீரோவின் காசு ஒன்று அவன் தராசுத் தட்டில் விழுந்திருந்தால் அதன் கதி என்னவாயிருக்கும் என்று அந்தப் பாறையருகே உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன்.

கரூரிலிருந்து நொய்யலின் போக்கை எதிர்த்து மேற்கே போகும் வழிதான் பழைய வணிகப் பெருவழி. மேற்குக் கடலில் முசிறியில் இறங்கிய பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் நுழைந்து, இந்த ஆற்றைத் துணைக்கொண்டு கருவூருக்கும், அங்கிருந்து காவிரியோடு உறையூருக்கும் கீழ்க்கடற்கரைக்கும் போயிற்று. முசிறிக்கு வந்த சரக்குகளின் வரிசையில் முதலிடத்தில் ஏராளமான பணத்தையே வைக்கிறது, செங்கடல் யாத்திரையைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற நூல். அப்பணத்துக்கு ஈடாகக் கொங்கு நாடு கொடுத்தது எது என்பதைக் கொடுமணலில் பார்க்கலாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் பாடப்பட்ட ஊர் இதுவே என்பர். நொய்யலின் வடகரையில், சோளக்காடுகளுக்கு நடுவே, இன்று பார்வைக்கு எவ்விதச் சிறப்புமில்லாத மேடு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் இங்கே தோண்டியபோது, இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், பச்சைக்கல், நீலம், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து, மெருகிட்டு, துளையிட்டு மணி செய்த பட்டறைகளின் மிச்சங்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்தன. பச்சைக்கல் கிடைத்த படியூர் சிறிது தூரத்தில் இருக்கிறது. திபேரியஸ் கடிதத்தில் புலம்பிய கற்களில் ஒரு பங்கு இந்த மேட்டில் துளையிடப்பட்டிருக்கலாம் என்று நினைப்பது மிகையாகாது.

கல் போன வழியிலேயே காசு வந்து தங்கியிருக்கிறது. கொடுமணலுக்கு எட்டும் தூரத்தில் உள்ள கத்தாங்கண்ணியில் 1913-ஆம் ஆண்டு வாக்கில் 233 தெனாரியஸ்கள் அகப்பட்டன. கோயம்புத்தூரை ஒட்டி, தேனீஸ்வரர் கோயில் கொண்ட வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டிலே 500-க்கும் மேற்பட்டவை. அங்கே அதற்குப் பிறகும் வேறு புதையல்கள். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1940-களில் கிடைத்த குடத்தில் ஏறக்குறைய 1,400. அகஸ்டஸ் காலத்தில் ரோமானியப் படைவீரன் ஒருவன் ஓராண்டு முழுவதும் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற சம்பளம் 225 தெனாரியஸ். பூதிநத்தத்துக் குடத்தை வைத்திருந்தவன் அத்தகைய வீரனுடைய ஆறாண்டுச் சம்பளத்தைத் தன் வீட்டு மண்ணுக்குக் கீழே பத்திரப்படுத்தியிருக்கிறான். அவன் வணிகனா, மணி அறுக்கும் பட்டறைக்கு உரியவனா, வழியில் சுங்கம் வாங்கிய சிற்றரசனா? எப்படியிருந்தாலும், ஏன் அவன் திரும்பி வந்து அதை எடுக்கவில்லை என்ற கேள்வி, புளியமரங்கள் அடர்ந்த அந்தச் சாலையில் பஸ் போய்க்கொண்டிருந்தவரை என்னை விடவில்லை.

பொள்ளாச்சிக்குப் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியாரால் அனுப்பப்பட்டு 1800-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு, மலையாளம் எங்கும் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியர், பயிர், நெசவு, வரி, ஜாதி ஒன்றையும் விடாமல் குறித்து, 1807-இல் தம் பிரயாணத்தை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவர் பொள்ளாச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளி கிடைத்திருந்தது. கலெக்டர் ஹர்டிஸ் அவருக்கு 6 காசுகளைக் கொடுத்தார். மாட்டின் விலையையும் நெல்லின் விளைச்சலையும் எழுதும் அதே நிதானத்தோடு புக்கானன் அவற்றை நிறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் 56 கிரெயின் என்று எழுதி, ஓரத்து எழுத்துகளையும், கேடயமும் ஈட்டியும் நடுவே நிற்க நின்ற அந்த இரு வாலிபர்களையும் பிழையின்றிக் குறித்திருக்கிறார். 56 கிரெயின் என்பது மூன்றரைக் கிராமுக்குச் சற்று மேல். புதிதாக அடித்த அகஸ்டஸ் காசின் எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. எனவே புதைக்கப்படுவதற்கு முன் அவை கொஞ்சம் கை மாறித் தேய்ந்தவை என்று, புக்கானனின் ஒரு வரியை வைத்துக்கொண்டு இன்றும் நாம் சொல்ல முடிகிறது. பயணம் எழுதுகிறவன் எதைக் கண்டாலும் நிறுத்துப் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் நான் அறியேன். அந்தக் காசுகள் கிடைத்த நிலம் எது என்று அங்கே எவரும் காட்டவில்லை. வாரச்சந்தைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளையும் தென்னந்தோப்புகளையும் பார்த்துவிட்டு, ஆனைமலை நீலமாகத் தெரியும் மேற்கு வழியில் பாலக்காட்டை நோக்கித் திரும்பினேன்.

கணவாயில் எப்போதும் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே விலகி வழிவிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, கொங்கில் மட்டும் ஏன் இத்தனை வெள்ளி என்ற கேள்வி பூகோள மாணவனுக்குரிய எளிய கேள்வியாகிவிடுகிறது. கணவாயைத் தாண்டித் திருச்சூர்ப் பக்கம் எய்யாலில் 1940-களில் கிடைத்த புதையல், என் அபிப்பிராயத்தில், ஆயிரங்களைக் கொண்ட பெரும் புதையல்களைவிட முக்கியமானது. அதில் ரோமானியப் பொற்காசு 12, தெனாரியஸ் 71, அவற்றோடு நம் நாட்டுப் பழைய முத்திரைக் காசு 34. சதுரமும் நீள்சதுரமுமாக வெள்ளித் தகட்டை வெட்டி, சூரியன், மரம், மலை என்று குறிகளைக் குத்திய அந்த முத்திரைக் காசுகளுக்குப் பக்கத்தில் சக்கரவர்த்தியின் தலை கிடக்கிறது. வைத்திருந்தவனுக்கு இரண்டும் வெள்ளி. பல இடங்களில் கிடைத்த தெனாரியஸ்களின் மேல், முத்திரைக் காசுகளில் காண்பது போன்ற சிறு குறிகளைக் குத்தியும், சிலவற்றில் உளியால் வெட்டியும் வைத்திருப்பதை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பொற்காசுகளிலோ, ஏறக்குறைய எல்லாச் சக்கரவர்த்திகளின் முகத்திலும் உளிவெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே வேறு உலோகமில்லையா என்று சோதித்த வெட்டு என்பார் சிலர். இனி இது காசு அல்ல, வெறும் பொன் என்று அறிவிக்கும் வெட்டு என்பார் சிலர். இரண்டில் எது உண்மையாயினும், தலைக்கு மயங்காத கை அது.

ரோமாபுரியின் செல்வம் கிழக்கே ஒழுகிப்போயிற்று என்றே மேல்நாட்டுப் புத்தகங்கள் இக்காசுகளின் கதையைச் சொல்லி வந்திருக்கின்றன. பிளினியின் புலம்பல் அவற்றுக்கு முன்னுரையாக நிற்கும். நம்மவர்களோ யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டார்கள் என்று பெருமையாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். வெள்ளியைப் பற்றி இருவருமே அதிகம் பேசுவதில்லை. அகநானூறு பாடிய அந்தப் பொன்னைவிட இந்த வெள்ளி எனக்கு அருமையாகத் தோன்றுவதற்குக் காரணம், வாங்கியவனின் புத்தி அதில் தெரிவதுதான். நல்ல காசை ஏற்றான். கெட்டது வந்தபோது நிறுத்திவிட்டான். அந்தத் தீர்ப்பை எந்தப் புலவரும் பாடவில்லை. எந்தச் சாசனமும் எழுதவில்லை. புதையல்களில் எந்தச் சக்கரவர்த்தி இருக்கிறார், எவர் இல்லை என்று எண்ணிப் பார்த்தால் தெரிகிறது.

செராஸுக்குத் திரும்பிய பிறகு தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த வழி முசிறியிலிருந்து கருவூர், கருவூரிலிருந்து கீழ்க்கடல் என்று முடிந்துவிட்டதா என்று பார்த்தேன். முடியவில்லை. நம் தீபகற்பத்தின் வடகழுத்தில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், கலோங் தோம் என்ற ஊரில் ஒரு சிறு கருங்கல் கிடைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல் அது. அதிலே தமிழ் பிராமியில் ‘பெரும்பத்தன் கல்’ என்று எழுதியிருக்கிறது. காலம் மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். புகலூர் மலையில் கல்லில் தன் தொழிலைப் பொறித்த வாணிகனுக்குப் பின் சில தலைமுறைகளில், அதே தொழிலைச் செய்த ஒரு தமிழன், கடலைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, தன் உரைகல்லிலும் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். கல் அவ்வூர்க் கோயில் காட்சிசாலையில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து தரைவழியாகவே எல்லையைக் கடந்து ஹாட்யாய் சென்று, அங்கிருந்து கிராபி பஸ் பிடித்துவிடலாம். வரும் பள்ளி விடுமுறையில், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவதாகத் தீர்மானித்திருக்கிறேன். பிராமி எழுத்தின் அட்டவணை ஒன்றை அவர்களுக்கு இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.